சுரங்கம் மூடப்பட்டது, நிலம் யாருக்கு?

(கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

ஒரு சுரங்கம் மூடப்படும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. பிளக்கப்பட்ட நிலத்தை யார் சீரமைப்பது? வேலை இழந்த தொழிலாளி எங்கே போவது? சீரமைந்த நிலம் யார் கையில் சேர்வது? முதல் கேள்வியோடு நின்றுவிடும் சுற்றுச்சூழல் பேச்சு நமக்குப் போதாது. மூன்றையும் சேர்த்து எழுப்புவதே நமது கடமை.

டேராடூனை அடுத்த டூன் பள்ளத்தாக்கின் அனுபவத்தைப் பார்ப்போம். முசோரி மலைச் சரிவுகளைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் மொட்டையாக்கின. 1985 மார்ச் 12 அன்று உச்சநீதிமன்றம் பல குவாரிகளை மூட ஆணையிட்டது. அத்துடன் அந்நிலங்களைச் சீரமைக்க வேண்டும் என்றும், வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு இயன்றவரை விரைவில் காடு வளர்ப்பிலும் மண் பாதுகாப்பிலும் வேலை தர வேண்டும் என்றும் கூறியது. முன்னாள் படைவீரர்களைக் கொண்ட சூழல் படைப்பிரிவு அம்மலைகளில் மரம் வளர்த்தது. பசுமை திரும்பியது. ஆனால் தோழர்களே, "இயன்றவரை" என்ற சொல் உரிமை ஆகாது. அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களே அதனை உரிமையாக மாற்ற முடியும்.

நில மீட்பு என்பது மரக்கன்று நடும் விழா அன்று. தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காக்க வேண்டும். நெடுங்காலம் குவித்து வைத்தால் அதன் உயிர்ப்பு குன்றும். கழிவுமண் மேட்டின் சரிவைக் குறைத்து, வடிகால் அமைத்து, முதலில் புல்லையும் பயறுவகைச் செடிகளையும் வேரூன்றச் செய்ய வேண்டும். பின்னரே அம்மண்ணுக்குரிய மரங்கள் நிலைக்கும். இது பல ஆண்டு உழைப்பு. எனவே பல ஆண்டு வேலைவாய்ப்பும் ஆகும். வேகமாக வளரும் ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுக் கணக்கு முடித்தால் அது காடாகாது. சுரங்க நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் பிற உயிர்களும் செழிக்கச் செய்வதைக் குத்தகை நிபந்தனையாக்குமாறு 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அரசைப் பணித்தது.

இப்போது நிலக்கரிக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மூடல் திட்டத்தைக் கட்டாயமாக்கின. திறந்தவெளிச் சுரங்கமாயின் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கமாயின் 1 லட்சம் ரூபாய் என்ற அடிப்படையில் தனிக் கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்று அவை அப்போது விதித்தன. அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் அதிகாரம் கிராம சபைக்கும் தொழிற்சங்கத்துக்கும் வேண்டும்.

நிலத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1957ஆம் ஆண்டின் நிலக்கரிப் பகுதிகள் சட்டத்தின்கீழ் ஆதிவாசிகளிடமிருந்தும் விவசாயிகளிடமிருந்தும் ஏராளமான நிலம் எடுக்கப்பட்டது. நிலக்கரி தீர்ந்த பின் அந்நிலத்தை என்ன செய்வது? 2022 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை, நிலக்கரி மற்றும் எரிசக்திக் கட்டமைப்புகளுக்கு அதனைக் குத்தகைக்கு விடும் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் இழந்தவர்களுக்கே நிலத்தைத் திருப்பித் தருவது அதன் நோக்கமன்று.

ஆகவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை: மூடல் திட்டமும் அதன் கணக்கும் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். சீரமைப்புப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளிட்ட சுரங்கத் தொழிலாளர்களுக்கு முன்னுரிமை வேண்டும். சீரமைந்த நிலத்தில் முதல் உரிமை அதனை இழந்தவர்களுக்கே வேண்டும்.

சுரங்கம் மூடப்பட்டுத் தொழிலாளர்கள் சிதறிய பிறகு இப்போராட்டத்தைத் தொடங்க இயலாது. நிலக்கரி வெட்டப்படும் இன்றைக்கே, தொழிலாளர்களையும் சுற்றுவட்டார விவசாயிகளையும் ஆதிவாசிகளையும் ஒரே மேடையில் நாம் திரட்ட வேண்டும்.