எட்டுப் போட்ட கதை

ஆசிரியர் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. கரும்பலகைக்கு அருகில் நிற்பவர் தெரிந்தவர்; எதிரே உட்கார்ந்திருப்பவர் தெரியாதவர். இந்த ஏற்பாடு ஒருநாளும் மாறுவதில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் நான் கரும்பலகைக்கு அருகிலேயே நின்று பழகிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று என் மனைவி சொல்வதுண்டு. அப்படிப்பட்டவன், 64ஆம் வயதில், காயல்பட்டினத்துக்கும் ஆறுமுகநேரிக்கும் இடையிலுள்ள ஓர் உப்பளப் பாதையில், ஒரு மோட்டார் சைக்கிளின்மேல் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் அரிச்சுவடி படித்த ஒருவனுடைய முகத்தைப் பார்த்து விழிக்கும்படி நேர்ந்தது. அந்த அனுபவத்தைத்தான் நேயர்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

காயல்பட்டினத்தை அறிந்தவர்களுக்கு ஊரின் இயல்பும் தெரிந்திருக்கும். கடல் வாணிகத்தில் வளர்ந்த ஊர். இங்குள்ள ஆண்மக்களிற் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து சென்று பொருள் தேடுகிறவர்கள். முன்பு இலங்கை, பிறகு ஹாங்காங், இப்போது வளைகுடா நாடுகள். வீடுகளில் மிஞ்சியிருப்போர் பெண்டிரும் பிள்ளைகளும் என் போன்ற வயோதிகர்களுமே. நான் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, தாமிரவருணிக் கரையில். வேலை கிடைத்து இங்கே வந்தேன். ஊர் பிடித்துப் போயிற்று, தங்கிவிட்டேன். ஊர் வழக்கம் என் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. என் மகனும் துபாய்க்குப் புறப்பட்டான். மனைவியையும் மகனையும் எங்கள் பொறுப்பில் விட்டுச் சென்றான். தன் மோட்டார் சைக்கிளையும் விட்டுச் சென்றான்.

நூறு ஸி.ஸி. வண்டி. கறுப்பு நிறம். மருமகள் அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தி முற்றத்து ஓரத்தில் நிறுத்தியிருந்தாள். கடற்காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. ஆகையால் வாரம் ஒருமுறை அண்டை வீட்டு இளைஞன் வந்து அதைக் கிளப்பி, சற்று நேரம் உறுமவிட்டுப் போவான். எனக்கு அந்த வண்டியால் ஆவது ஒன்றும் இல்லை என்றே எண்ணியிருந்தேன். சிறுவயதில் ஆற்று மணலில் விழுந்து எழுந்து கற்ற சைக்கிள் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில் அந்த எண்ணம் பொய்த்துப் போயிற்று. அடைமழை. பேரனுக்கு அப்போது ஐந்து வயது. நள்ளிரவில் அவனுக்கு இழைப்பு கண்டது. நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்கிற்று. ஆட்டோக்காரர் இருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். ஒருவர் எடுக்கவில்லை, மற்றொருவர் திருச்செந்தூரில் இருந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அண்டை வீட்டுக் கதவைத் தட்டினேன். “காக்கா, பிள்ளைக்கு முடியவில்லை” என்று மட்டும் சொன்னேன். அவர் மகன் சட்டையைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்தான். என் மனைவி பேரனை அணைத்தபடி பின்னால் ஏறிக்கொண்டாள். அவர்கள் போய்விட்டார்கள். நான் நடந்தேன்.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது பிள்ளையின் முகத்தில் மூடியை வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு சீராகியிருந்தது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் முற்றத்தில் ஒரு வண்டி சும்மா நிற்க, வீட்டுக்கு மூத்தவன் குடையோடு பின்னால் நடந்து வந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மறு வாரம் என் எண்ணத்தை வெளியிட்டேன். மனைவி சிரித்தாள். மகன் துபாயிலிருந்து கண்டித்தான். நான் டால்ஸ்டாயை எடுத்துக் காட்டினேன். அந்த ருஷ்ய ஞானி 1895இல், அறுபத்தாறு வயது நிறைந்த நிலையில், புதிதாகச் சைக்கிள் விடக் கற்றார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தம் கடைசிப் பிள்ளையைப் பறிகொடுத்திருந்தார். “அவர் விட்டது சைக்கிள்தானே, அப்பா?” என்றான் மகன். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

முதலில் சட்டம். கற்போர் உரிமம் வேண்டும். அதை எல்லோரும் எல்.எல்.ஆர். என்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்தவர் மருத்துவரிடம் சான்று பெறவேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண்ணைப் படிக்க முடிகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. பின்பெஞ்சுப் பையன் மேசைக்கு அடியில் என்ன செய்கிறான் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்த கண் அல்லவா, அது எளிதில் தேறிற்று. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தபின் தேர்வுக்குப் போகலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து தொங்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவன் கழுத்தில் ஒரே ஓர் எழுத்தைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் இருந்தது.

எனக்கு ஆசானாக வாய்த்தவன் ஒரு மெக்கானிக். என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கணக்கில் சுமார்; கையெழுத்து அழகு. பெயரைச் சொன்னால் கூச்சப்படுவான். காலை ஐந்தரை மணிக்கு வண்டியை உப்பளப் பாதைக்குக் கொண்டுபோவோம். நேரான பாதை, அந்நேரத்தில் போக்குவரத்து கிடையாது. இருபுறமும் பாத்திகள். ஆங்காங்கே ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள். வெயில் ஏறினால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் அளத்துத் தொழிலாளர் எங்களுக்கும் முன்பாகவே வந்து வேலையில் இருப்பார்கள்.

முதல் நாள் எஞ்சினைத் தொடவே அவன் விடவில்லை. வண்டியைத் தள்ளு, நிறுத்து, திருப்பு, ஸ்டாண்டில் ஏற்று. நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைக் கைவலியால் தூக்கப் பார்த்து நான் களைத்தேன். ஸ்டாண்டின் கம்பியில் வலக்காலை ஊன்றி உடல் எடையை அதில் இறக்கினால் வண்டி தானே பின்னேறி உட்கார்ந்துகொள்ளும் என்று காட்டினான். நெம்புகோல் தத்துவம்! ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். என் காலுக்கு அது தெரியவில்லை.

இரண்டாம் நாள் கிளச்சு. இதைச் சற்று விளக்கவேண்டும். எஞ்சின் ஓயாமல் சுழல்கிறது; சக்கரமோ நிற்கிறது. இரண்டையும் திடுமென இணைத்தால் ஒன்று வண்டி துள்ளும், அல்லது எஞ்சின் அணையும். ஆகவே நடுவில் எண்ணெயில் தோய்ந்த வட்டத் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்று எஞ்சினோடு சுழல்பவை. மற்றவை கியரோடு சேர்ந்தவை. வில்கள் அவற்றை நெருக்கிப் பிடிக்கின்றன. இடக்கைப் பிடியை இழுத்தால் நெருக்கம் தளரும். மெல்ல விட்டால் தட்டுகள் உரசி, வழுக்கி, படிப்படியாக ஒன்றையொன்று பற்றும். பற்றத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அது பிடியின் பாதையில் ஒரு நூலளவு. அந்த நூலளவில் கையை நிறுத்தத் தெரிந்தவனுக்கு வண்டி பணியும்.

இவ்வளவையும் நான் புத்தகத்தில் படித்துக் குறிப்பேட்டில் படமும் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு ஸார். பைக்குள்ளே வச்சிருங்க. காதைக் கொடுங்க, போதும்” என்றான். தட்டு பற்றும்போது எஞ்சினின் குரல் சற்றே தாழுமாம். நான் கேட்டேன். எனக்குக் கேட்டதெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஓசைதான். கையை விட்டேன், வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. மறுபடியும். மறுபடியும். பதினோராவது முறை அணைந்தபோது, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பன்று; ஆனால் சிரிப்பு.

அந்தச் சிரிப்பின் நடுவே எனக்கு ஒரு பையனின் நினைவு வந்தது. நான் வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ. முதல் வகுப்பு. அவன் தகப்பனார் அளத்துத் தொழிலாளி. அந்தப் பையனுக்கு ‘அ’ வரவில்லை. சுழியை இடுவான், அதிலிருந்து கோட்டை வளைத்து எங்கே கொண்டுபோவது என்று அவன் கைக்குப் புரியாது. வாயால் கேட்டால் சரியாகச் சொல்வான். ஒருநாள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி, “ஒரு மாதமாக ஓர் எழுத்தா?” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதுவும் கெட்ட சிரிப்பன்று. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போய் அழைத்து வரவேண்டும் என்று எண்ணினேன். ஆய்வாளர் வருகிறார் என்றார்கள், பிறகு தேர்வு, பிறகு கோடை விடுமுறை. நான் போகவில்லை. அவன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. அந்தப் பாத்திகளில் வேலை செய்தவர்களுள் அவன் வயதுடையோர் சிலர் இருந்தனர். ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மெக்கானிக் என்ன செய்தான் தெரியுமா? “நேற்றே சொன்னேனே” என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் என் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவன் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடச் சொன்னான். “வலக்கையை மறந்திருங்க ஸார். பத்தடி போனால் போதும். நின்னுக்கலாம்.” அவ்வளவுதான் பாடம். வலக்கைக்கு வேலை இல்லை என்றானதும் இடக்கைக்கு அறிவு வந்தது. பத்தடி நகர்ந்தேன். நின்றேன். இன்னொரு பத்தடி. ‘எளிமையிலிருந்து கடினத்துக்கு’ என்று ஆசிரியப் பயிற்சித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதித் தேறியவன் நான். அவன் அதை எங்கே படித்தான்?

கியர் பெரிய காரியமன்று, கால் பழகிக்கொண்டது. திரும்புவதுதான் வேடிக்கை. சைக்கிள், மோட்டார் சைக்கிள் இரண்டும் சற்று வேகத்தில் ஓடும்போது, வலப்புறம் திரும்ப விரும்புகிறவன் அறியாமலே முதலில் கைப்பிடியை ஒரு கணம் இடப்புறமாகத்தான் திருப்புகிறான். வண்டி வலப்புறம் சாய்கிறது, பிறகே திரும்புகிறது. ஆகாய விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் முதலில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், பல சைக்கிளோட்டிகளிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று விசாரித்தும் ஒருவராவது முழுவதும் சரியாகச் சொல்லவில்லை என்று கூறியதாகச் சொல்வார்கள். கை அறிந்ததை வாய் அறியவில்லை. என் மாணவனுக்கு நேர்ந்தது அதன் மறுபுறம்.

கண் போகும் இடத்துக்கு வண்டி போகும் என்று மெக்கானிக் எச்சரித்திருந்தான். ஒரு வளைவில் உப்புக் குவியலில் மோதிவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன். நேரே போய் அதிலேயே செருகினேன். முழங்காலில் சிராய்ப்பு, அதில் உப்பு. அந்த எரிச்சலை நேயர்களுடைய கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். வண்டி நிற்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி முன்சக்கரப் பிரேக்கிலேயே இருக்கிறது. அதைக் கண்டு அஞ்சி, பின்காலை மட்டும் மிதிப்பவர் பலர். ஆனால் நம் கடற்கரைச் சாலைகளில் காற்று மணலைக் கொணர்ந்து பரப்பிவிடும். மணல்மேல் முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும். மணலைக் கண்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மணல்மேல் ஒன்றும் செய்யக்கூடாது.

தேர்வு என்பது எட்டுப் போடுவது. தரையில் வரைந்த எட்டின்மேல், காலைக் கீழே ஊன்றாமல், மெதுவாகச் சுற்றிவர வேண்டும். மெதுவாகப் போவதுதான் கடினம். வேகம் வண்டியைத் தாங்கும், மெதுவோ தாங்காது. 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் செய்த முதல் மோட்டார் சைக்கிளே தனியாக நிற்க அஞ்சி, இரு பக்கத்திலும் இரண்டு சிறு சக்கரங்களை வைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சலுகை இல்லை. கிளச்சை அந்த நூலளவில் பிடித்தபடி, பின்பிரேக்கை இலேசாகத் தொட்டபடி, பார்வையை அடுத்த வளைவுக்கு அனுப்ப வேண்டும். மெக்கானிக் கட்டாந்தரையில் சுண்ணாம்புத் தூளால் எட்டு வரைந்து தந்தான்.

பழந்தமிழ் எண்களில் எட்டுக்கு வடிவம் ‘அ’ என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அதை அன்று நினைக்காமல் இருந்திருக்கலாம். நினைத்தேன். எனக்கு எட்டு வர ஐந்து வாரம் ஆயிற்று.

முதல் தேர்வில் இரண்டாம் சுற்றில் காலை ஊன்றிவிட்டேன். அடுத்த முறை தேறினேன். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. அதற்கு மேல் நானும் கேட்பதாக இல்லை. மெக்கானிக்குக்குக் கட்டணம் கொடுக்கப் போனேன்; வாங்க மறுத்தான். எங்கள் ஊர்ப் பையன்கள் எத்தனை பேருக்குக் கற்பித்திருக்கிறாய் என்று கேட்டேன். கணக்கில்லை என்றான். கற்க வந்து பாதியில் நின்றவர் உண்டா என்றேன். சற்று யோசித்தான். “ரெண்டு பேர், ஸார். ரெண்டு பேரையும் வீட்டிலே போய்க் கூட்டிட்டு வந்தேன்” என்றான்.

பேரனுக்கு இழைப்பு பின்னரும் ஒருமுறை வந்தது. அதுவும் இரவுதான், மழை இல்லை. நான் வண்டியை எடுத்தேன். கை நடுங்கிற்று, ஆனாலும் வண்டி அணையவில்லை. என் மனைவி பிள்ளையோடு பின்னால் இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

இப்போது நல்ல உடல்நிலையில் இருக்கும் நாட்களிலும் அவன் வண்டியில் ஏறவேண்டும் என்பான். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதால் திருச்செந்தூரில் அவன் தலைக்கு ஏற்றதாக ஒன்று வாங்கினோம். சிவப்புதான் வேண்டும் என்றான். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைக்குப் புறப்பட்டோம். சாலையில் ஓர் இடத்தில் மணல், அதற்கு அடுத்து ஓர் ஆடு, அதற்கும் அடுத்து ஒரு பள்ளம். நான் ஒவ்வொன்றையும் தக்க முறையில் விலக்கிச் சென்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவன் என் முதுகில் தட்டினான்.

“தாத்தா, எட்டுப் போட்டதெல்லாம் போதும். நேராப் போங்க.”