ஒரு 'அல்லது' தோற்கடித்த வழக்கு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "தோழர், ஒரு நிறுவனம் வழக்கில் வென்றதும் அதன் பங்கு விலை ஏறுகிறது. பணம் போட்டவர்கள் முட்டாள்களா என்ன? அப்படியென்றால் நியாயம் அந்த நிறுவனத்தின் பக்கம் இருந்தது என்றுதானே பொருள்?"

கைப்பேசியிலேயே பங்கு வாங்கி விற்கிற காலம் இது. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதிலாக அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ராம்பஸ் என்ற நிறுவனத்துக்கும் அமெரிக்க அரசின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கும் இடையே, கணினி நினைவகச் சில்லுகளின் காப்புரிமை தொடர்பாக நடந்த வழக்கு.

முதலில் சில்லைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் ரேம் என்று சொல்கிறோமே, அதுதான். சாம்சங் செய்த ரேமைக் கழற்றிவிட்டு மைக்ரான் செய்ததை மாட்டினாலும் கணினி ஓடுகிறது. எப்படி? எல்லா நிறுவனங்களும் ஒரே தரநிலைப்படி செய்வதால். அந்தத் தரநிலையை வகுக்கும் அமைப்புக்குப் பெயர் ஜெடெக். போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். போட்டியாளர்கள் இப்படிக் கூடிப் பேசுவதைப் போட்டிச் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஆனால் பொதுத் தரநிலையால் எல்லோருக்கும் பயன் என்பதால் இதற்கு இடம் கொடுக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். தரநிலை முடிவாகும்வரை ஒரு வேலையைச் செய்யப் பத்து வழி இருக்கலாம். முடிவான பிறகு ஒரே வழிதான். தொழிற்சாலைகள், தாய்ப்பலகைகள், எல்லாமே அதற்கேற்ப அமைந்துவிடும். பிறகு மாற்றுவதென்றால் பெரும் செலவு. எனவே "இந்த வழி எனக்குச் சொந்தம், இதில் நடந்தால் எனக்குப் பணம் தர வேண்டும்" என்று ஒருவர் எப்போது சொல்கிறார் என்பது முக்கியம். முன்னால் சொன்னால் அது பேரம். எல்லோரும் அந்த வழியில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு சொன்னால்?

ராம்பஸ் நிறுவனத்தை 1990இல் தொடங்கியவர்கள் மைக் ஃபார்ம்வால்ட், மார்க் ஹோரோவிட்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள். அந்த நிறுவனம் சில்லு செய்யவில்லை. வடிவமைத்துக் காப்புரிமை பெற்று, அதைப் பயன்படுத்த உரிமத்தொகை வாங்குவதுதான் தொழில். அதில் தவறு ஒன்றுமில்லை. அவர்கள் கண்டுபிடித்ததில் சரக்கும் இருந்தது. கடிகாரத் துடிப்பு ஏறும்போதும் தரவு அனுப்புவது, இறங்கும்போதும் அனுப்புவது என்பது வழக்கில் பேசப்பட்ட நுட்பங்களில் ஒன்று. சுமையோடு போகிற லாரி காலியாகத் திரும்பாமல் சுமையோடு திரும்பி வருவதுபோல.

1990இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1992இல் ஜெடெக்கில் உறுப்பினர் ஆனார்கள். 1996இல் விலகினார்கள். இடையில் 1993இல் ஜெடெக் ஒரு நினைவகத் தரநிலையை ஏற்றது. அடுத்த தலைமுறைத் தரநிலைக்கான பேச்சும் நடந்து கொண்டிருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, காப்புரிமை வழங்கப்படும்வரை விண்ணப்பம் இரகசியம். இன்னொரு வசதியும் உண்டு: பழைய விண்ணப்பத்திலிருந்து கிளை விண்ணப்பங்கள் போடலாம், அவற்றுக்கும் பழைய தேதியே பொருந்தும். கூட்டத்தில் கேட்டதை வைத்துக்கொண்டு, தரநிலைக்குப் பொருந்தும்படி தன் விண்ணப்பங்களை ராம்பஸ் திருத்திக்கொண்டே இருந்தது, அதை வெளியே சொல்லவில்லை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு.

2000ஆம் ஆண்டு வாக்கில் ராம்பஸ் சில்லுத் தயாரிப்பாளர்களிடம் பணம் கேட்டது, கொடுக்காதவர்கள்மீது வழக்குப் போட்டது. பல நிறுவனங்கள் முதல் தரநிலைக்கு 0.75 விழுக்காடும் அடுத்ததற்கு 3.5 விழுக்காடும் உரிமத்தொகை தர ஒப்புக்கொண்டன. உலகம் முழுக்க விற்கிற சில்லுகளில் இது எவ்வளவு பணம் என்று எண்ணிப் பாருங்கள்.

2002இல் ஆணையம் ராம்பஸ்மீது குற்றப்பத்திரம் கொடுத்தது. 2004இல் ஆணையத்தின் நிர்வாகச் சட்ட நீதிபதி ஸ்டீபன் மெக்குவயர் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தள்ளுபடி செய்தார். 2006 ஆகஸ்டில் ஆணையர்கள் ஐவரும் ஒருமனதாக அதைப் புரட்டிப்போட்டார்கள்: ராம்பஸ் ஏமாற்றியது, சட்டவிரோதமாக ஏகபோகம் பெற்றது என்றார்கள். 2007 பிப்ரவரியில் உரிமத்தொகைக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: முதல் தரநிலைக்கு 0.25, அடுத்ததற்கு 0.5 விழுக்காடு; அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும், பிறகு சுழியம். இந்தத் தண்டனையில் ஐவரும் ஒத்துப்போகவில்லை. மூவர் ஒரு பக்கம், இருவர் ஒரு பக்கம். ராம்பஸ் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

இங்கேதான் முதலீட்டாளர்கள் வருகிறார்கள்.

ஒரு பக்கம் பங்கை வாங்கி வைத்திருந்தவர்கள். இன்னொரு பக்கம், கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்றுவிட்டு, விலை விழட்டும் என்று காத்திருந்தவர்கள். பங்கு வைத்திருந்தவர் சொன்னார்: "நீதிபதி மெக்குவயர் விடுவித்துவிட்டார். இன்ஃபினியான் வழக்கில் 2003இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜெடெக் விதிகளே தெளிவில்லை, ராம்பஸ் மோசடி செய்யவில்லை என்று சொல்லியாயிற்று. பாவப்பட்ட கண்டுபிடிப்பாளரைப் பெரிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து நசுக்குகின்றன." எதிர்ப்பக்கத்தார் சொன்னார்: "ஐவரும் ஒருமனதாகச் சொன்னதை நீதிமன்றம் எளிதில் தள்ளாது. உண்மை விவரங்களில் ஆணையத்தின் முடிவுக்கு மதிப்புக் கொடுப்பதுதான் வழக்கம். 1998இல் ராம்பஸ் ஆவணங்களை அரைத்துத் தள்ளியதே, நேர்மையானவர் அதைச் செய்வாரா?"

இரண்டு பக்கமும் அறிவாளிகள்தான். தீர்ப்புகளை வரி வரியாகப் படித்தவர்கள். ஆனால் இருவருமே கேட்டது ஒரே கேள்வி: ராம்பஸ் நல்லவனா, கெட்டவனா? தன் பணம் இருந்த பக்கத்தில் நல்லவனைக் கண்டார்கள்.

நீதிமன்றம் கேட்டதோ வேறு கேள்வி.

2008 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் வில்லியம்ஸ். ஆணையத்தின் முடிவு இரத்து. ஏன்? ஆணையம் தன் தீர்ப்பில் இப்படிச் சொல்லியிருந்தது: ராம்பஸ் உண்மையை முன்பே சொல்லியிருந்தால், ஜெடெக் வேறு நுட்பத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும், அல்லது நியாயமான கட்டணத்துக்கு உரிமம் தருவதாக ராம்பஸிடம் உறுதி வாங்கியிருக்கும்.

அந்த 'அல்லது' ஆணையத்தைக் கவிழ்த்தது. முதலாவது நடந்திருக்கும் என்றால், ஏமாற்று வேலையால் போட்டியாளர் வெளியே தள்ளப்பட்டார்; அது போட்டிச் சட்டக் குற்றம். இரண்டாவது என்றால், ராம்பஸ் எப்படியும் வென்றிருக்கும், கொஞ்சம் குறைந்த விலைக்கு. ஒரு போட்டியாளரையும் தள்ளாமல் விலையை மட்டும் ஏற்றிக்கொள்வது ஏகபோகக் குற்றம் ஆகாது என்றது நீதிமன்றம். 1998இல் நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதை மேற்கோள் காட்டியது. அங்கேயும் ஏமாற்றால் நுகர்வோர் கூடுதலாகப் பணம் கட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அது மட்டும் போட்டியைக் கெடுத்ததாகாது என்பது அந்தத் தீர்ப்பு. இரண்டில் எது நடந்திருக்கும் என்று ஆணையம் உறுதியாகச் சொல்லவில்லை. எனவே தோற்றது. 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் மனுவை ஏற்க மறுத்தது. அந்த மே மாதம் ஆணையமே குற்றப்பத்திரத்தைக் கைவிட்டது.

கவனியுங்கள் தோழர்களே. ராம்பஸ் நேர்மையாக நடந்தது என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஏமாற்றியதற்கான ஆதாரம் போதுமா என்று ஐயம் தெரிவித்தது. ஜெடெக் விதிகள் தெளிவற்றவை என்றது. ஆனால் வழக்கைத் தீர்த்தது அந்தக் கேள்வி அல்ல. ஏமாற்றியதாகவே வைத்துக்கொண்டாலும், ஆணையம் சொன்ன கேடு இந்தச் சட்டத்துக்குள் வராது என்பதுதான் தீர்ப்பு. பங்கு வைத்திருந்தவர்கள் இதை "நம் நிறுவனம் குற்றமற்றது" என்று படித்தார்கள். தீர்ப்பில் அப்படி ஒரு வரி கிடையாது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி அந்தத் தீர்ப்பில் ஒழுங்கு இருக்கிறது. அரசு ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் 'இதுவோ அதுவோ' என்று சொல்லித் தண்டிக்கக் கூடாது. நமக்குப் பிடிக்காதவரானாலும் அதுதான் விதி. ஆனால் தரநிலை விஷயத்தில் ஒன்றை நீதிமன்றம் குறைத்து எடைபோட்டது என்பேன். நியாயமான விலைக்குத் தருகிறேன் என்ற உறுதிமொழி வானத்திலிருந்து விழுவதில்லை. "நீ தராவிட்டால் வேறு நுட்பத்துக்குப் போவோம்" என்று சொல்ல முடிகிற நேரத்தில்தான் அது கிடைக்கும். அதுவே போட்டியின் விளைவு. அந்த நேரத்தை மௌனத்தால் கடந்துவிட்டால் கெட்டுப்போவது விலை மட்டும்தானா?

இது என் தனிக் கருத்தும் அல்ல. ஏறத்தாழ இதே நடத்தையை ஐரோப்பிய ஆணையமும் விசாரித்தது. அங்கே, நியாயமற்ற விலை கேட்பதையே ஆதிக்க நிலையின் முறைகேடாகச் சட்டம் பார்க்க முடியும். 2009 டிசம்பரில், பழைய இரண்டு தரநிலைகளுக்கு உரிமத்தொகையே இல்லை, பிந்திய தலைமுறைகளுக்கு அதிகபட்சம் 1.5 விழுக்காடு என்று ஐந்தாண்டுகளுக்கு ராம்பஸ் உறுதி கொடுத்தது. தவறை ஒப்புக்கொள்ளாமல்தான் கொடுத்தது. ஆனாலும் ஒரே செயல் ஒரு கடற்கரையில் குற்றமாகாமல் போகிறது, மறு கடற்கரையில் கடிவாளம் விழுகிறது. எதைக் கேடு என்று எண்ணுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

சரி, ராம்பஸிடம் ஏமாந்ததாக அழுத சில்லுத் தயாரிப்பாளர்கள் யார்? 1999 முதல் 2002 வரை அவர்களில் பலர் தங்களுக்குள் பேசி நினைவகச் சில்லின் விலையை நிர்ணயித்தார்கள். அமெரிக்க நீதித்துறையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்ஃபினியான் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி, சாம்சங் 30 கோடி அபராதம் கட்டின. முதலில் போய் விசாரணைக்கு ஒத்துழைத்த மைக்ரான் தண்டனையிலிருந்து தப்பியது. கணினி நிறுவனங்கள் கூடுதல் விலை கொடுத்தன. அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு அறையில் தரநிலை பேசினார்கள். ஒருவர் வாய்மூடி இருந்தார். இன்னொரு அறையில் விலை பேசினார்கள். எல்லோரும் வாய் திறந்தார்கள். இரண்டு அறையிலும் நாற்காலி இல்லாதவர் கணினி வாங்கியவர். முதலீட்டாளர்களின் விவாதத்திலும் அவருக்கு இடமில்லை.

முதலீட்டாளர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று? 2008 தீர்ப்பை நியாயத்தின் வெற்றி என்று நம்பியவர்களில் பலர் அடுத்த வழக்கிலும் நியாயம் வெல்லும் என்று காத்திருந்தார்கள். தன் சொந்த நினைவக வகையைச் சந்தையிலிருந்து ஒழிக்கச் சதி செய்ததாக மைக்ரான், ஹைனிக்ஸ்மீது ராம்பஸ் சான் பிரான்சிஸ்கோவில் போட்ட வழக்கு அது. கேட்ட இழப்பீடு ஏறத்தாழ 400 கோடி டாலர். 2011 நவம்பரில் ஜூரி ராம்பஸுக்கு எதிராக முடிவு சொன்னது. அன்று ஒரே நாளில் பங்கு தன் மதிப்பில் பாதிக்கு மேல் இழந்தது. ஒரு வழக்கின் முடிவை நிறுவனத்தின் குணமாக எடுத்துக்கொண்டதன் விலை அது.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். தம்பி, பங்கு ஏறியதால் நியாயம் அந்தப் பக்கம் இருந்தது என்று ஆகாது. பங்கு விலை, இனி எவ்வளவு பணம் வரும் என்ற எதிர்பார்ப்பை அளக்கிறது. நீதிமன்றம், குறிப்பிட்ட சட்டத்தின் குறிப்பிட்ட விதிக்குள் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்று அளக்கிறது. நியாயத்தை அளப்பது நம் வேலை. அதை இரண்டில் எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

அடுத்தமுறை இப்படி ஒரு தீர்ப்புச் செய்தி வந்தால், விலையைப் பார்க்கும் முன் மூன்றைக் கேளுங்கள். நீதிமன்றம் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது? எந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டது? பணம் கட்டப்போகிறவர் அந்த அறையில் இருந்தாரா?

பொதுத் தரநிலை வகுக்கும் எந்தக் குழுவிலும், யார் எதைச் சொல்லியாக வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பது எழுத்தில், ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். ஜெடெக் அதைத் தெளிவாக எழுதி வைத்திருந்தால் இந்த வழக்கின் பாதி தேவைப்பட்டிருக்காது. எழுதப்படாத விதியை நம்பி உட்கார்ந்தவர்கள் ஏமாந்தார்கள். எழுதப்படாததால்தான் ஏமாற்றியவர் யார் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது.