ஆற்றுப்படையும் இயந்திரமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழ்க் கிறித்தவ வழக்கில் துயருற்றோரின் சொல் கேட்டு அவர்களை வழிநடத்தும் பணிக்கு 'ஆற்றுப்படுத்தல்' என்று பெயர். அப்பணியைச் செய்பவர் 'ஆற்றுப்படுத்துநர்' எனப்படுகிறார். சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இச்சொல் உடனே பத்துப்பாட்டை நினைவூட்டும். அத்தொகையில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் எடுத்துரைப்பது அப்பாட்டுகளிற் பெரும்பாலானவற்றின் அமைப்பு. வழி சொல்பவன் அவ்வழியே நடந்தவன், பசியை அறிந்தவன், வள்ளலின் வாயிலைக் கண்டு மீண்டவன். அதனாலேயே எதிர்வருபவன் அவன் சொல்லை நம்பி நடக்கிறான்.

கிறித்தவ சமயப் பணியிலும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் புகுந்துவிட்ட இந்நாளில், அவற்றை அளக்க இப்பழைய இலக்கணமே ஏற்ற கோலாக அமைகிறது.

இயந்திரத்திடம் மனத்தைத் திறக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966-ஆம் ஆண்டில் 'எலிசா' என்னும் கணினி நிரலை உலகிற்கு அறிவித்தார். எதிரில் இருப்பவர் சொன்னதையே சற்று மாற்றி வினாவாகத் திருப்பித் தருவதே அதன் வேலை. அந்நிரல் உருவானதை உடனிருந்து கண்ட அவருடைய செயலரே, அதனோடு சில சொற்கள் பரிமாறியதும், அறையைவிட்டுச் சற்று வெளியே செல்லுமாறு பேராசிரியரை வேண்டினார். தம் சொல்லைக் கேட்க ஒரு செவி வேண்டும் என்னும் தாகம் மனிதரிடம் அத்துணை ஆழமானது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி அத்தாகத்திற்குப் புதிய நீர்நிலையாயிற்று. இத்தகைய பொறி அளவிறந்த எழுத்துகளைப் பயின்று, எச்சொல்லை எச்சொல் தொடரும் என்று கணித்துக் கோக்கிறது. வேதநூலும் மறையுரைகளும் அதன் பயிற்சியில் அடங்கும். ஆதலின் அதன் நடையில் பக்தி மணக்கும். சில வேளைகளில் இல்லாத வசன எண்ணையும் இருப்பதுபோல் அது உறுதியாகச் சொல்லிவிடும்.

2023 சூன் 9 அன்று செருமனியின் ஃபியூர்த் நகரத்துப் புனித பவுல் தேவாலயத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினர். அன்றைய வழிபாட்டைப் பெரும்பாலும் சாட்ஜிபிடியைக் கொண்டே அமைத்தவர் யோனாஸ் சிம்மர்லைன் என்னும் இறையியலாளர். பலிபீடத்தின் மேலிருந்த திரையில் தோன்றிய உருவங்கள் ஏறத்தாழ நாற்பது நிமிடம் செபமும் மறையுரையும் வழங்கின. அம்மறையுரையின் பொருள்களுள் ஒன்று சாவின் அச்சத்தை வெல்லுதல். கருத்தில் குறை காண்பதற்கு அரிது. ஆயினும் சாவே இல்லாத ஒன்று சாவின் அச்சத்தைப் பற்றிப் பேசியது. கையறுநிலை பாடும் மரபில் வந்த கவிஞர்களுக்கு இக்குறையை விளக்க வேண்டுவதில்லை. இழந்தவன் வாயிலிருந்து வரும்போதே இரங்கற் சொல்லுக்கு எடை உண்டாகிறது.

மறு ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையான பாடம். 'கத்தோலிக் ஆன்சர்ஸ்' என்னும் அமைப்பு 2024 ஏப்பிரலில், குருவுடை தரித்த 'பாதர் சஸ்டின்' என்னும் உரையாடியை அறிமுகம் செய்தது. தான் மெய்யான குருவே என்று அது கூறியது. பாவமன்னிப்பு வழங்கும் சொற்களையும் மொழிந்தது. கண்டனம் எழவே, சில நாள்களுக்குள் குருவுடை களையப்பெற்று அது பொதுநிலையினர் கோலத்தில் வெறும் 'சஸ்டின்' ஆயிற்று. நடவாத வழியை நடந்ததாகச் சொல்லியதே அங்கு நேர்ந்த பிழை. 2025 சனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'அந்திகுவா எத் நோவா' என்னும் ஏடும், செயற்கை நுண்ணறிவை மனித ஆளாகக் காட்டுவதை எப்போதும் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது.

இவ்விரண்டையும் விட எண்ணிப் பார்க்கத்தக்கது சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்து நிகழ்வு. அங்குள்ள புனித பேதுரு சிற்றாலயத்தின் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் 2024-ஆம் ஆண்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஓர் இயந்திரம் அமர்த்தப்பெற்றது. திரையில் இயேசுவின் உருவம் தோன்றும். நூறளவு மொழிகளில் விடை வரும். சுமார் 900 உரையாடல்கள் நிகழ்ந்தன. வந்தோர் அன்பைப் பற்றியும், சாவைப் பற்றியும், தனிமையைப் பற்றியும் வினவினர். கருத்துரைத்தோரில் மூன்றில் இரு பங்கினர் அதனை ஆன்மிக அனுபவம் என்றே குறித்தனர்.

அக்கூண்டில் நடந்தது அருட்சாதனம் அன்று என்பதை அமைப்பாளர்கள் தெளிவுபடுத்தினர். தன்னைப் பற்றிய தனிப்பட்ட செய்திகளை வெளியிட வேண்டா என்னும் எச்சரிக்கையும் வருவோர்க்கு வழங்கப்பெற்றது. நேர்மையான எச்சரிக்கைதான். ஆனால் அது நின்ற இடத்தைக் கருதுதல் வேண்டும். மனிதர் தம் மறைவை எல்லாம் சொல்வதற்கென்றே மரத்தால் அமைத்த கூண்டு அது. அங்கே கேட்ட மந்தணத்தை எக்காரணத்தாலும் குரு வெளியிடலாகாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் விதி கட்டளையிடுகிறது. கேட்பவர் அக்கட்டுக்குத் தம்மை உட்படுத்திக்கொள்கிறார். கேட்ட சுமையைச் சாகும்வரை சுமக்கிறார். இயந்திரத்துக்கு அச்சுமை இல்லை. அதனிடம் சொன்னது எங்கோ ஒரு நிறுவனத்தின் சேமிப்பில் தங்கக்கூடும்.

அவ்வாறாயின் இக்கருவியை விலக்கிவிடலாமா? அச்சு இந்நாட்டிற்கு வந்த காலம் இதற்கு விடை தருகிறது. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் தமிழில் அச்சேறியது. இரண்டாண்டுகள் கழித்து, பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும் 'கொம்பெசியோனாயரு' என்னும் நூலும் வெளிவந்தது. தன் மனத்தை ஆராயும் வினாக்களை அந்நூல் ஏழைக் கிறித்தவருக்குக் கற்றுத் தந்தது. பின் அவரைக் குருவின்முன் அனுப்பியது. மன்னிப்பை அச்சுத்தாள் வழங்கவில்லை.

உரையாடிகளுக்கும் அவ்விடமே தகும். மறையுரைக்கு மேற்கோள் தேடவும், அயல்மொழி ஏட்டைப் பெயர்க்கவும், சிறுவர்க்கு மறைக்கல்வி வினாக்கள் அமைக்கவும் அவை பயன்படும். 2023-இல் தொடங்கிய 'மாஜிஸ்தீரியம் ஏஐ' போன்றவை திருச்சபை ஏடுகளைச் சான்று காட்டி விடையளிக்கின்றன. சரிபார்க்க வழிவிடுதலின் அது நன்முறையே. நள்ளிரவில் உறக்கமின்றி வினவும் ஒருவருக்கு, 'உம் துயரைக் கேட்க மனிதர் உளர். இன்ன வாயிலைத் தட்டுக' என்று சொல்லும் பொறியும் தீதன்று. நடந்த வழியைச் சொல்ல இயலாத இயந்திரமும், நடந்தவர் வாழும் வீட்டைச் சுட்டிக் காட்டலாம்.

ஆனால் அவ்வீட்டின் கதவு திறந்திருக்க வேண்டுமே! லூசெர்ன் கூண்டில் நிகழ்ந்த 900 உரையாடல்கள் இயந்திரத்தின் பெருமையை மட்டும் உரைக்கவில்லை; கேட்பார் அற்ற தனிமையையும் உரைக்கின்றன. ஊரார் அறிவரோ என்னும் நாணம், தம் போதகர் கடிவரோ என்னும் அச்சம், அவருக்கு நேரமில்லை என்னும் பட்டறிவு ஆகியவை மனிதரைத் திரையின்முன் அமர்த்துகின்றன. பங்குத்தந்தையரும் போதகரும் உபதேசியாரும் பொறியைப் பழிக்கும் முன்னர், தத்தம் வாயிலில் எத்தனைபேர் நின்று திரும்பினர் என்று எண்ணிப் பார்த்தல் கடமை. வாரத்தில் ஒரு மாலையேனும் வாளாவிருந்து பிறர் சொல் கேட்கும் அருள்பணியாளர் ஒருவர் இருக்கும் ஊரில், இயந்திரம் தன் அளவறிந்து நிற்கும். அத்தகையோர் இல்லாத ஊரில் எத்தடை விதித்தாலும் மக்கள் திரையையே நாடுவர்.