வாயைக் கட்டிவிட்டு அபிப்பிராயம் கேட்பதா?

(விழுப்புரம், திண்டிவனம் தோழர்கள் திண்டிவனத்தில் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சச்சரவு உள்ள கூட்டங்களில் ஜனங்களை மனம்விட்டுப் பேசும்படி செய்வது எப்படி என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று எனக்குக் கட்டளை. பேச வைப்பது இருக்கட்டும். அவர்கள் பேசாமல் இருப்பது ஏன் என்று முதலில் பார்க்க வேண்டாமா? புத்தி இல்லாததால் ஏழை பேசாமலிருக்கிறான் என்று சொல்லுகிறவனுக்குத்தான் புத்தி இல்லை. பேசினால் நாளைக்குக் கூலி போகும், கடையில் கடன் நிற்கும் என்று கணக்குப் போடத் தெரிந்துதான் அவன் வாயை மூடிக்கொள்ளுகிறான்.

பக்கத்துக் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் அங்கே ஊராட்சிக் கூட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஓர் ஆதிதிராவிடப் பெண். தலைவர் தரையில், மேல்சாதி என்று சொல்லிக்கொள்ளும் மெம்பர்கள் நாற்காலியில்! அக்டோபரில் அந்தப் போட்டோ வெளிவந்து சந்தி சிரித்த பிறகுதான் வழக்கு, கைது எல்லாம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தாராளமாகப் பேசுங்கள், அம்மா" என்று சொல்லியிருந்தால் அது மரியாதையா, பரிகாசமா?

நம் விழுப்புரம் ஜில்லா மேல்பாதியில், 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் போன ஆதிதிராவிடர்களை அடித்தார்கள். அதிகாரிகள் பலதடவை சமாதானப் பேச்சு நடத்தினார்கள். முடிவு, ஜூன் 7-ந் தேதி கோவிலுக்குச் சீல். (சாமி பூட்டுக்குள் இருந்ததைப் பற்றி நமக்கு வருத்தமில்லை, மனிதன் உரிமை பூட்டுக்குள் கிடந்ததே என்பதுதான் வருத்தம்.) "வழக்கம்" என்ற ஒன்றைக் கேள்வியே கேட்கக்கூடாது என்று நடுவில் வைத்துக்கொண்டு நூறு கூட்டம் போட்டாலும் நம்பிக்கை எங்கிருந்து வரும்?

1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவே மறுத்தார்கள். பெரியார் வெளியேறினார். விவாதித்துத் தோற்கடிப்பது வேறு, வாயைத் திறக்கவிடாதது வேறு. தோற்றவன் அடுத்த கூட்டத்துக்கு வருவான், வாயடைக்கப்பட்டவன் வரமாட்டான்.

இதையெல்லாம் ஊராருக்குச் சொல்லுகிற நாம் யோக்கியமா? சென்ற மாதம் விழுப்புரத்தில் ஓர் இளைஞர் கேட்டார்: "ஐயா, நம் கூட்டத்துக்குப் பெஞ்சு சுமப்பது எப்போதும் காலனித் தோழர்கள். அவர்கள் தலைமை வகிப்பது எப்போது?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இயக்கத்தைப் பிளக்காதே" என்றேன். கைதட்டினார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மேல்பாதியில் "வழக்கம்" என்றார்கள். நான் "இயக்கம்" என்றேன். அவ்வளவுதானே வித்தியாசம்? தான் சொன்னதையும் அப்படியே ஏற்காமல் யோசித்துப் பார்க்கச் சொன்ன பெரியாரின் பெயரைச் சொல்லிக்கொண்டு நான் செய்த காரியம் இது.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இது. உட்கார்ந்தால் எல்லோரும் பெஞ்சில், இல்லையேல் எல்லோரும் பாயில். பயப்படுகிறவர் முதலில் பேசட்டும், பெரிய மனிதர் கடைசியில். சொன்னதை நோட்டில் எழுதி அங்கேயே படித்துக் காட்டுங்கள். பேசியதற்காக ஒருவருக்கு மறுநாள் கூலி போனால், அந்தக் கூலியை நாம் வசூலித்துக் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது கஷ்டம்தான். அதைச் செய்ய மனமில்லாவிட்டால் "தைரியமாகப் பேசு" என்று உபதேசம் செய்யாதீர்கள்.

அந்த இளைஞர் அதன்பின் கூட்டத்துக்கு வரவில்லை. நேற்று அவர் வீட்டுக்குப் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். இன்று வந்திருக்கிறார், கடைசிப் பெஞ்சில் இருக்கிறார். அதே கேள்வியை மறுபடியும் கேட்கும்படி வேண்டிக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவன் நான். ஆனதால் இத்துடன் நிறுத்திக்கொண்டு உட்காருகிறேன்.