பாட்டனார் எங்கே பிறந்தார்?
(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கவரைப்பேட்டையில் வடக்கே போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து வரும் பெயிண்டர்கள் நம் வீடுகளுக்கும் வர்ணம் அடித்திருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர்கள். ஆனாலும் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை. ஏன் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. அவர் கையில் இருந்த பிறப்புச் சான்றிதழ்தான் அவரைக் காப்பாற்றியது. 1987 ஜூலை 1-க்குப் பின் பிறந்திருந்தால் அந்த வழி அவருக்கு இல்லை.

இந்தக் கதை முகாமில் தொடங்கவில்லை. 1948-ல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனாரும் பூட்டனாரும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த பாட்டனாருக்குப் பிறப்புப் பதிவு எங்கிருந்து வரும்? மலையகத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஆட்டு மந்தையைக்கூட அப்படிப் பிரிக்க மனம் வராது. இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ல்தான் ஒரு சட்டத்தால் விடிவு பிறந்தது.

'இது நமக்கு எதற்கு?' என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சொல்கிறோம்.

நம் பிள்ளைகள் துபாய், குவைத், ரியாத் என்று போகிறார்கள். மனைவியையும் அழைத்துக் கொள்கிறார்கள். அங்கே குழந்தை பிறந்தால் பிறந்த மண் அதற்குக் குடியுரிமை தராது. தாய் தகப்பன் வழியாகத்தான் அது இந்தியன் ஆக வேண்டும். அதுவும் தானாக வராது. 2004 டிசம்பர் 3-க்குப் பின் வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருடத்திற்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும்.

நம்மிடம் வந்த ஒரு குடும்பத்தின் நிலை இது. நிக்காஹ் தப்தரில் மணமகளின் பெயர் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறு விதம். திருமணச் சான்றிதழில் சிக்கல் வந்ததால் அங்கே குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அது இல்லாமல் தூதரகப் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை. இங்கே அந்தப் பெண்ணின் தாயார் மவுத்தானபோது கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாமல், ஜனாஸாவை வீடியோவில் பார்த்து அழுதார். எல்லாம் சரியாக இரண்டு வருடத்திற்கு மேல் ஆயிற்று.

நம் பெயர்களின் பாடு தெரிந்ததுதானே! முகைதீன், மைதீன், மொய்தீன் – ஒரே ஆள், மூன்று காகிதத்தில் மூன்று பேர். தாயாரின் பெயரோடு ஓரிடத்தில் பீவி, ஓரிடத்தில் பேகம். தகப்பனார் பெயர் இங்கே ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்டிலோ முழுப்பெயர்.

ஆகவே நிக்காஹ் எழுதும் அன்றே, மணமக்களின் பாஸ்போர்ட் அல்லது பள்ளிச் சான்றிதழைப் பார்த்து, அதே எழுத்தில் தப்தரில் எழுதும்படி ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். தப்தரோடு நிறுத்தாமல் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியுங்கள். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் அது கட்டாயம், 90 நாள் அவகாசம் உண்டு. இங்கே பிறக்கும் குழந்தைக்கும் பிறப்புச் சான்றிதழில் பெயரை உடனே சேர்த்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமாக பாஸ்போர்ட்டுக்குக் கேட்கப்படுவது அது ஒன்றுதான், டி.சி.யைக் காட்டி ஒப்பேற்ற முடியாது.

பெரியவர்களே, உங்கள் பத்திரப் பெட்டியை ஒருநாள் திறந்து, பழைய வாக்காளர் பட்டியல் நகல், பத்திரம், பள்ளிச் சான்றிதழ் என்று இருப்பதையெல்லாம் பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள். நகல் எடுக்க நம் அலுவலகத்தில் கட்டணம் இல்லை. இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு அஸருக்குப் பின் பெயர் திருத்த விண்ணப்பங்களை நிரப்பித் தர நம் தம்பிகள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். அசலையும் கொண்டு வாருங்கள்.