ஒரு நாள் கூடினால் 7,500 ரூபாய்

நம்மில் சிலர் குற்றாலம் விடுதிகளிலும் தென்காசிக் கடைகளிலும் வேலை பார்க்கிறோம். சிலர் ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறோம். இரு தரப்புக்கும் தேவையான ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

10 பேரோ கூடுதலோ வேலை செய்யும் நிறுவனத்தில், பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்குப் பணிக்கொடை உண்டு. 2025 வரை நடப்பில் இருந்த 1972 சட்டம் வகுத்த முறை இது: கடைசி மாத அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்குங்கள். மீதி 6 மாதத்தைத் தாண்டினால் அதுவும் முழு ஆண்டு.

ஒருவர் 15-9-2015 அன்று சேர்ந்து 15-3-2024 வரை வேலை பார்த்தார் என வைத்துக்கொள்ளுங்கள். தேதிகளைக் கழித்தால் 8 ஆண்டு 6 மாதம். ஆனால் சேர்ந்த நாளும் கடைசி நாளும் வேலை செய்த நாட்களே. எனவே கழித்தபின் 1 நாள் கூட்டுங்கள். 6 மாதத்தைத் தாண்டிவிட்டது; கணக்கு 9 ஆண்டு. சம்பளம் 13,000 ரூபாய் என்றால் கிடைக்க வேண்டியது 60,000 அல்ல, 67,500.

நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். நம் வாட்ச்மேனுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சேர்ந்த தேதியை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்போம்.