ஒக்டோபர் 29: ஒரு நாளின் சாதகம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது ஒரு மருத்துவ உரை. “பிறஷர், சீனி பற்றி ஏதாவது சொல்லுங்கள் டொக்டர்” என்றார்கள். பிறஷர் கடைசியில் வரும். முதலில் எங்கள் காலைக் கூட்டத்துக்குப் போய்வருவோம்.

தேவாரம் முடிந்ததும் செய்தி, செய்தி முடிந்ததும் ‘இன்றைய நாள்’. கிழமைக்கு ஒரு வகுப்பின் முறை. இங்கிருப்பவர்களில் அந்த மேடையில் முழங்கால் நடுங்க நிற்காதவர் எவருமில்லை. எங்கள் வகுப்பின் முறை வந்தபோது திகதி ஒக்டோபர் 29. அன்று நடந்த சம்பவங்களை நூலகப் பொது அறிவுப் புத்தகத்திலிருந்து எடுத்தோம். அன்று பிறந்தவர்களின் குணத்தை ஞாயிறு பத்திரிகையின் ராசிபலன் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்தோம். டீச்சருக்கு முதல் பகுதியை மட்டுமே காட்டியிருந்தோம் என்பதை இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் வகுப்பிலேயே அந்தத் திகதியில் ஒருத்தி இருந்தாள். லுணுகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அவளை மனதில் வைத்துத்தான் வாசித்தோம்: ராசி விருச்சிகம், சின்னம் தேள், பிடிவாதம் அதிகம், மனதில் உள்ளதை வெளியில் விடார், செய்த தீங்கை மறக்கமாட்டார். மண்டபம் முழுதும் சிரித்தது. அன்றிலிருந்து சாதாரண தரம் முடியும்வரை அவளுக்குப் பெயர் ‘தேள்’. அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அதையும், ‘பார், மனதுக்குள்ளே வைத்திருக்கிறாள்’ என்று எங்கள் கட்சிக்குச் சாட்சியாக்கிக்கொண்டோம்.

அந்தப் பலன் எங்கள் பஞ்சாங்கப்படியே பிழை என்பது அப்போது தெரியாது. ஒக்டோபர் 29 என்றால் ஐப்பசி பாதி. ஐப்பசியில் சூரியன் நிற்பது துலாத்தில். மேல்நாட்டுக் கணக்கில்தான் அது விருச்சிகம். பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டி, ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் எடுக்கிறது. அதனால் அவர்களுடைய இராசிச் சக்கரத்துக்கும் எங்களுடையதற்கும் இன்று சுமார் 24 பாகை இடைவெளி விழுந்திருக்கிறது. அதுமட்டுமல்ல, எங்கள் வீடுகளில் ராசி என்றால் சந்திரன் நின்ற இடம். சந்திரன் ஒரு ராசியில் இருப்பது இரண்டேகால் நாள் மட்டும். ஆகவே வெவ்வேறு வருடங்களில் ஒக்டோபர் 29இல் பிறந்தவர்கள் பன்னிரண்டு ராசிகளில் எதிலும் விழலாம். ஒரு திகதிக்கு ஒரு குணம் என்று எந்தச் சாத்திரியாரும் சொல்லமாட்டார், பத்திரிகைதான் சொல்லும்.

அப்படியிருந்தும் ஏன் நம்பினோம்? 1948இல் அமெரிக்காவில் பேர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் குணம் இது’ என்று ஒரு தாள் கொடுத்தார். ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டபோது சராசரியாக 4.26 கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் ஒரே தாள், அதுவும் பெரும்பாலும் பெட்டிக்கடைச் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. நாங்கள் ஃபோரரைவிட ஒரு படி மேலே போய்விட்டோம். எங்கள் தாளைப் பெற்றவள் புள்ளி போடவில்லை, மண்டபமே போட்டது.

பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பினோமே, நினைவிருக்கிறதா? பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டுவார்கள். ஒக்டோபர் 29 என்றால் 303, பெண்ணுக்கு 803. கடைசியில் ‘வி’ வந்தால் வாக்குரிமை உண்டு, ‘எக்ஸ்’ வந்தால் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக எங்கள் தாத்தாமார் எத்தனை அலுவலகப் படி ஏறினார்கள் என்பதை லயத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, எங்கள் நாளுக்கு மறுநாள்தான், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் தேள் மெதுவாகச் சொன்னாள்: “அது நான் பிறந்த நாள் இல்லடி. அப்பா பதிஞ்ச நாள்.” பிள்ளை பிறந்தது நவராத்திரிக்குக் கும்பம் வைத்த கிழமையில். மலையில் கொழுந்து நிறைய வந்த நேரம், அப்பாவுக்குப் பேர் வெட்டிவிடுவார்கள் என்ற பயம். வாரங்கள் கழித்துப் போனவர், பிந்தியதற்கு ஏச்சு வாங்காமலிருக்க அன்றைய திகதியையே சொல்லிவிட்டு வந்தாராம். ஆக, அவள் விருச்சிகமும் இல்லை, துலாமும் இல்லை. எங்கள் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் வயதான அம்மாமாரின் அட்டைகளிலும் இப்படிப்பட்ட திகதிகளைப் பார்க்கிறோம். வயதைக் கேட்டால் அட்டையை நீட்டுவார்கள், உண்மையைக் கேட்டால் “பெரிய மண்சரிவு வந்த வருஷம்” என்பார்கள்.

சரி, நாளுக்கு வருவோம். 1929 ஒக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை, நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. நமுனுகுலையில் கொழுந்து கிள்ளியவளுக்கு வோல் ஸ்ட்ரீட் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனால் உலக மந்தத்தில் தேயிலை விலை விழுந்தது, கூலி வெட்டப்பட்டது, 1933இல் உற்பத்தியைக் கட்டுப்படுத்த நாடுகள் உடன்படிக்கை செய்தன. 1931இல் இதே நாளில் கவிஞர் வாலி பிறந்தார். எங்கள் விடுதியில் பாதிப் பேருக்கு மனப்பாடமான பாட்டுகளெல்லாம் அவருடையவை என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. 1969இல் இதே நாளில் கலிபோர்னியாவில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் செய்தி போனது. ‘லொகின்’ என்று அனுப்ப முயன்றார்கள், ‘லொ’ போனதும் நின்றுவிட்டது. அந்தப் பாதிச் சொல்லின் பேத்திதான் எங்கள் பழைய மாணவியர் வாட்ஸ்அப் குழு.

2014ஐ இப்படி ஒரு வரியில் கடக்க முடியாது. ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை, எங்கள் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை. மழை நாட்கணக்காக ஊறிய மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறியது. முந்நூறு என்றார்கள், பிறகு இருநூறுக்குக் கீழ் என்றார்கள், பிறகு இன்னும் குறைத்தார்கள். பலரின் உடல் கிடைக்கவேயில்லை. தப்பியவர்களிடம் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் இல்லை, அட்டையும் இல்லை. ஆளை முதலில் தாளில் நிரூபிக்க வேண்டியிருந்தது. அன்று அங்கே இறந்தவர்களும் பிழைத்தவர்களும் எல்லா ராசியிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒரு மலைச்சரிவும் ஒரு லய வரிசையும்.

இப்போது பிறஷர். ஒக்டோபர் 29 உலகப் பக்கவாத நாளும்கூட. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். அதிலும் முந்த முந்த நல்லது. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்கினால் விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு உண்மையில் வேண்டிய ஜனன நேரம் அதுதான்.

சில வருடங்களுக்கு முன் தேள் தன் அம்மாவைக் கொண்டு வந்தாள். காலையில் கொழுந்துக் கூடையை எடுக்கும்போது கை வழங்கவில்லை. ஏழரைச் சனி என்று முதலில் எள்ளெண்ணெய் விளக்கு, பிறகு வான் தேடல், பிறகு பசறை வளைவுகள். எங்களிடம் வரும்போது பின்னேரம் நான்கு மணி. யாரையும் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ராசிபலனை மேடையில் வாசித்தவர்கள் நாங்கள்தானே. அம்மா பிழைத்தார், நடக்கிறார், ஆனால் பேச்சு திரும்பவில்லை. மகள் பிறந்த கிழமையையும் நேரத்தையும் அறிந்த ஒரே ஆள் அவர். “எப்பயாவது உக்காந்து கேக்கணும்னு இருந்தேன்டி” என்று வார்டுக்கு வெளியே நின்று சொன்னாள். நாங்கள் கலண்டரைப் பிரித்து, அந்த வருடத்து நவராத்திரியை எண்ணிப் பார்த்தோம். கும்பம் வைத்த நாள் கிடைத்தது, கிழமைக்குள் எந்த நாள் என்பது கிடைக்கவில்லை. அம்மாவிடம் ஒவ்வொரு நாளாகச் சொல்லிக் கேட்டோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவள் இப்போது பசறைப் பக்கத்தில் ஆசிரியை. ஒவ்வொரு ஒக்டோபர் 29க்கும் நாங்கள் குழுவில் வாழ்த்துப் போடுகிறோம். “பதிஞ்ச நாள் வாழ்த்துக்கு நன்றி” என்று பதில் போடுகிறாள், பக்கத்தில் ஒரு சின்னத் தேள் படத்தோடு.